ஆப்பிரிக்கச் சிங்கமும் நமது ஆவுளியாவும்

நமது நகரத்து நண்பர் ஒருவர், வியாபாரத்தில் பொருளும் நற்பெயரும் ஈட்டியவர், வரும் ஜூலை மாதம் குடும்பத்துடன் கென்யா தேசத்திற்குப் பிரயாணம் புறப்படுகிறார். சிங்கத்தையும் யானையையும் ஒட்டகச் சிவிங்கியையும், மந்தை மந்தையாக ஆறு கடக்கும் காட்டு மாடுகளையும் கண்ணாரக் கண்டு, படம் பிடித்துவருவது அவருடைய நோக்கம். அங்கே மசாய் மாரா என்னும் பெயர்பெற்ற சரணாலயத்திற்குள் நுழைவதற்கு மட்டும், 2024 முதல், ஜூலை தொடங்கி டிசம்பர் முடியும் வரையில், அயல் தேசத்தார் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் கட்டணம். விமானச் செலவும் விடுதிச் செலவும் வேறு. அவருக்குப் பொருள் இருக்கிறது, போகிறார். இதில் குறை கூற ஏதுமில்லை. உலகத்தின் ஜீவராசிகளைக் காணவேண்டும் என்னும் ஆவல் உயர்ந்த ஆவல் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயின், பேச்சின் இடையே நாம் அவரை ஒரு கேள்வி கேட்டோம். "வல்லநாட்டு மான்களைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றோம். வாரத்திற்கு இருமுறை தம் மோட்டாரில் வல்லநாட்டைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போய்வருபவர் அவர். சிறிது விழித்துவிட்டு, "அங்கே மான் இருக்கிறதா?" என்றார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

'சபாரி' என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் சொல் ஆங்கிலேயருடையதன்று. சுவாஹிலி மொழியில் அதற்குப் பிரயாணம் என்பதே பொருள். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல்லினின்று பிறந்தது. நமது கடற்கரை முஸ்லிம்களுக்கு இச்சொல் புதிதல்ல. கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரை அவர்கள் 'சபராளி' என்பர். பிரயாணத்தைக் குறித்த அந்தச் சாதுவான சொல்லை வேட்டைக்கு உரியதாக்கியவர் வெள்ளைத் துரைமார்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவியினின்று இறங்கிய கையோடு 1909இல் கீழை ஆப்பிரிக்காவுக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய மிருகங்கள் ஐந்நூறுக்கு மேல். அக்கால வேட்டைக்காரர் கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறிச் சென்ற ரயில் பாதையை 1896க்கும் 1901க்கும் இடையில் போட்டவர் யார்? ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட சுமார் 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாபிகள். அவர்களுள் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரத்தினின்று இழுத்துச் சென்று தின்றதும் நம் தேசத்துக் கூலிகளையே. அந்தச் சிங்கங்கள் இரண்டும் பாடம் செய்யப்பட்டு இன்று அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக் காட்சிசாலையில் நிற்கின்றன. அவற்றின் வாய்ப்பட்டவரின் பெயர்களைத் தேடிப் படிப்பார் எவரும் இலர்.

கென்யா 1963இல் சுதந்திரம் பெற்றது. 1977இல் வேட்டையைச் சட்டத்தால் அடியோடு நிறுத்தியது. துப்பாக்கி இருந்த கையில் இப்போது காமிராப் பெட்டி இருக்கிறது. நல்ல மாறுதல்தான்.

நம் தேசத்தின் கதை என்ன? வெளிமானைத் துரத்திப் பிடிக்கச் சிவிங்கியைப் பழக்கி வைத்திருந்தார்கள் மொகலாய மன்னர்கள். ஒட்டகச் சிவிங்கியோடு நேயர்கள் இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் கூறுவது புள்ளி போட்ட, ஒல்லியான உடலையுடைய, தரையில் ஓடும் மிருகங்களில் யாவற்றினும் விரைந்த சிவிங்கிப் புலி. அது இத்தேசத்தில் இருந்தது. 1947இல், நாம் சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், மத்திய இந்தியாவிலிருந்த கொரியா சமஸ்தானத்து ராஜா ஒரே இரவில் மூன்றைச் சுட்டார். அவற்றிற்குப்பின் உறுதியான தடயம் இல்லை. 1952இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போயிற்று என்று சர்க்காரே அறிவிக்கும்படியாயிற்று. எழுபது ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் விமானத்தில் ஏற்றிவரப்பட்டு, மத்தியப் பிரதேசத்துக் கூனோ வனத்தில் விடப்பட்டன. சொந்த வீட்டுப் பண்டத்தைத் தொலைத்துவிட்டு அயலானிடம் கடன் கேட்கும் குடும்பத்தலைவனின் நிலை இது.

சிவிங்கி போயிற்று. அது துரத்திய வெளிமான் இன்னும் நம்மிடையே இருக்கிறது. நமது துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மோட்டாரில் எட்டக்கூடிய வல்லநாட்டுக் குன்றில் இருக்கிறது. 1987இல் அக்குன்றும் சுற்றியுள்ள முட்காடும், 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, வெளிமான் சரணாலயமாக்கப்பட்டது. இந்தியாவில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டங்களுள் தென்கோடியில் இருப்பது இதுதான். இதற்குத் தெற்கே வேறு கூட்டமில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நாம் அங்கே போயிருந்தோம். உடன்வந்த காவலர் வயதானவர். "ஐயா, செருப்புச் சத்தம் வேண்டாம், காற்று எதிரே அடிக்கிற பக்கமாகவே போவோம்" என்றார். உடைமரங்களுக்கும் கற்களுக்கும் இடையே முக்கால் மணி நேரம் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு முயல் ஓடிற்று; கௌதாரி கத்திற்று. நாம் சலித்துத் திரும்ப எண்ணிய சமயத்தில் காவலர் விரலை மட்டும் அசைத்தார். சரிவில் ஒரு கலை நின்றுகொண்டிருந்தது. முதுகு கரியது, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்தவை, முறுக்கேறிய இரு கொம்புகள். அதன் பின்னே மஞ்சட் பழுப்பு நிறமான பிணைகள் ஆறோ ஏழோ. எங்களைக் கண்டவுடன் ஓடவில்லை. ஒரு பிணை மாத்திரம், நான்கு கால்களையும் ஒருசேர எழுப்பி, சுருள்வில் தெறிப்பதுபோல் நேராக மேலே துள்ளிற்று. பின் மற்றொன்று. அப்படியே துள்ளித் துள்ளி யாவும் சரிவைக் கடந்து மறைந்தன. காட்சி முழுதும் இரண்டு நிமிஷம் இருக்கலாம். நாம் வெகு நேரம் பேசவில்லை.

காவலர்தான் முதலில் பேசினார். அடிவாரத்து விவசாயிகளுக்கு இம்மான்களோடு தீராத வழக்கு. உளுந்தும் பாசிப்பயறும் பச்சைவிடும் காலத்தில் மான்கள் இறங்கி மேய்ந்துவிடுகின்றன. "அவர்களும் எத்தனை நாள் ஐயா பொறுப்பார்கள்?" என்றார். இதனைப் பின்னர்க் கவனிப்போம்.

நேயர்களுள் வல்லநாடு வரை போக நேரமில்லாதவர் நகர எல்லையிலுள்ள உப்பளங்கள் வரையிலாவது போகலாம். மழைக்காலத்தின் பின், பாத்திகளிலும் பழையகாயல் கழிமுகத்திலும் பூநாரைகள் இறங்குகின்றன. ஆளுயரத்தை நெருங்கும் பறவை. தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலகால் சலித்து உண்ணும். கென்யாவின் நக்குரு ஏரியில் பூநாரை பார்க்கவென்று உலகத்தார் போகின்றனர். இங்கே உப்பு வாரும் பெண்கள் அவற்றைத் தினமும் பார்க்கின்றனர். கூலிக்காகக் குனிந்த முதுகு நிமிரும்போது தெரியும் காட்சி அது. அவர்களுக்கு அதைப்பற்றி வியப்பு ஒன்றுமில்லை.

நிலத்தின் கதை இவ்வளவு. நமது உண்மையான வனம் கடலுக்குள் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை கரையை ஒட்டினாற்போல் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். பாறைகளுக்கு இப்பால் கடற்புல் வெளிகள். 1986இல் 560 சதுர கிலோமீட்டர் கடல், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகமென அறிவிக்கப்பட்டது. கடலாமைகளும், ஓங்கில்களும், கடற்குதிரைகளும், புல்லை மேய்ந்து பாலூட்டிக் குட்டி வளர்க்கும் கடற்பசுவும் இங்கே உண்டு. கடற்பசுவை நம் மீனவர் ஆவுளியா என்பர். வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ கடற்புல் தின்னும். ஒரு வருஷத்துக்கும் மேல் சுமந்து ஒரேயொரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு செல்லும். இவ்வாறு மெதுவாகப் பெருகும் பிராணியை விரைவாகக் கொன்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கப் பெரிய கணக்கு வேண்டுவதில்லை.

இருபத்தொரு தீவு என்றோம். உள்ளபடி இன்று நீருக்கு மேலிருப்பவை பத்தொன்பதே. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. யார் மூழ்கடித்தார்கள்? முருகைக்கல் என்று நம்மவர் வழங்கும் பவளக்கல்லைப் பல தலைமுறையாக வெட்டிவந்து சுவருக்குக் கட்டினோம், சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கினோம், தொழிற்சாலைகளுக்கு விற்றோம். அலையைத் தடுத்த பாறை போன பின் தீவை அலை தின்றது. இதனை எழுதும் அறையின் பழஞ்சுவரிலும் அக்கல்லே இருக்கிறது. ஆகையால் பிறரைப் பழிக்கும் யோக்கியதை நமக்கில்லை. வான் தீவும் அதே வழியில் தேய்ந்து, இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிய பிறகு, 2015 முதற்கொண்டு அதைச் சுற்றிக் காங்கிரீட்டினாலான செயற்கைப் பாறைகளை ஆயிரக்கணக்கில் கடலடியில் இறக்கினார்கள். தீவு மூழ்காமல் நின்றது. அச்செயற்கைப் பாறைகளில் மீன் குடியேறிற்று. இது மெய்யாகவே பாராட்டத்தக்க வேலை.

வான் தீவைத் தொலைவிலிருந்தாவது பார்த்துவரலாமென்று ஒரு நாள் நாட்டுப்படகில் போனோம். படகுக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். இளமையில் சங்கு குளித்தவர். அவருடைய தந்தையார் 1961இல் முத்துக் குளித்தவராம். 1955இல் தொடங்கிய முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றது. அதன்பின் இத்துறையில் முத்துச்சலாபம் நடக்கவில்லை. பழைய முத்துக்குளிப்புகளில் 'கடல் கட்டி' என்று ஒருவர் இருப்பார் என்பதை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். அவர் வராவிட்டால் குளியாளிகள் நீரில் இறங்க மறுப்பார்கள். பறங்கியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று துரைத்தனம் எத்தனை முறை மாறினாலும் அவருக்குச் சிப்பியில் பங்கு உண்டு. கடலில் இறங்குவதற்கு முன் கடலின் மிருகத்தை நினைத்தே தீரவேண்டிய ஜனங்கள் இவர்கள். மிருகத்தைப் பார்க்க இவர்கள் கட்டணம் செலுத்தியதில்லை. உயிரைப் பணயம் வைத்தே பார்த்தார்கள்.

ஆவுளியாவைக் குறித்துப் பெரியவரை விசாரித்தோம். "பொய் சொல்ல மாட்டேன் ஐயா. சின்ன வயதில் நானும் தின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒன்று அடித்தால் ஊரே பங்கு வைக்கும்" என்றார். சிறிது தூரம் சென்றபின் தாமாகவே, "இப்போது வலையில் விழுந்தால் வலையை அறுத்து விட்டுவிடுகிறோம். அறுத்த வலை அறுத்ததுதான். வெகுமதி கொடுக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வலையின் விலை என்னவென்று கேட்டவர்தாம் இல்லை" என்றார். தீவு நெருங்கியதும் படகை நிறுத்தினார். அதற்கு மேல் போகக்கூடாது, இறங்கினால் குற்றம். அவருடைய பாட்டனார் புயலுக்கு ஒதுங்கிய மணல் அது. கைகட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இப்பெரியவரைப் போன்றார் என்ன செய்யக்கூடியவர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2016 ஜனவரி 11ஆம் தேதி மாலை, திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. மறுநாள் காலையில் எண்பதுக்கு மேற்பட்டவை மணலில் கிடந்தன. இவ்வகைத் திமிங்கலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. ஒன்று ஆழமற்ற நீரில் அகப்பட்டால் மற்றவையும் அதன் பின்னே வருகின்றன. கரையூர் மீனவர்கள் அன்று தொழிலுக்குப் போகவில்லை. கயிறு கட்டிப் படகு வைத்து அவற்றைக் கடலுக்குள் இழுத்தார்கள். பல, விட்டவுடன் திரும்பிக் கரைக்கே வந்தன, திரும்பவும் இழுத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவை பிழைத்தன. மற்றவற்றை மணலிலேயே புதைத்தார்கள். அதே கரையில் 1973 ஜனவரி 14இல் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதும் உண்டு. கென்யாவில் இத்தகைய காட்சி நடந்திருந்தால் உலகத்தின் படக்காரர்களெல்லாம் அங்கே கூடியிருப்பார்கள். நமது நண்பர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து வியந்திருப்பார்.

இனி நமது தொழிலையொட்டி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவசியமான சட்டம். ஆவுளியாவும் ஆமையும் அதன் நிழலில்தான் மிஞ்சியிருக்கின்றன. 2001இல் பவளத்தையும் கடல் அட்டையையும் அதன்கீழ்க் கொண்டுவந்தார்கள். அதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் நீதிமன்றத்தில் நாம் கண்டது இது: கடல் அட்டை வழக்குகளில் கூண்டில் நிற்பவன் பெரும்பாலும் கைலி கட்டிய படகோட்டி. அவனிடம் அட்டை வாங்கி அயல்நாட்டுக்கு அனுப்பும் தனவந்தனை நாம் கூண்டில் கண்டது மிக அரிது. சட்டம் ஒரு ஜனத்தின் பரம்பரைத் தொழிலைக் குற்றமாக்கும்போது, அதற்கு ஈடாக மாற்றுத் தொழில் ஒன்றையும் அவர்கள் கையில் வைக்கவேண்டும். அது நடக்கவில்லை. தீவுகளில் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள், விரட்டப்பட்டபோது தாமே சங்கம் கூட்டி, எடுக்கும் நாட்களைத் தாமே குறைத்துக்கொண்டு, தம் தொழிலை நிலைநாட்டப் போராடினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய இராமேசுவரத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் ஸீகாலஜி சங்கம் பரிசளித்தது. நம் தேசத்தார் அவரை அறிந்ததைக் காட்டிலும் அமெரிக்கர் முன்னதாக அறிந்தார்கள்!

ஆப்பிரிக்காவைப் பார்த்து நாம் கற்கவேண்டியதும் கற்கக்கூடாததும் இவ்விஷயத்தில்தான் இருக்கின்றன. 1959இல் செரெங்கெட்டி வனத்தினின்று மசாய் மக்களை வெள்ளையர் ஆட்சி வெளியேற்றிற்று. மாடுமேய்த்து மிருகங்களோடு கலந்து வாழ்ந்தவரை அகற்றிவிட்டு, 'ஆதி வனம்' என்று படம் பிடித்தார்கள். அது கற்கக்கூடாத பாடம். மசாய் மாராவைச் சுற்றியுள்ள நிலங்களிலோ, 2006ஐ ஒட்டித் தொடங்கி, நிலத்துக்கு உடையவரான மசாய்க் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து, விடுதிக்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, மாதாமாதம் வாடகை வாங்குகின்றனர். சிங்கம் மாட்டைக் கொன்றாலும், அச்சிங்கத்தால் வரும்படி உண்டென்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வேற்பாட்டில் குறைகள் இல்லாமலில்லை. எனினும் காவலுக்கும் கூலி உண்டு என்னும் நியாயம் அதில் இருக்கிறது.

இங்கே இது நடவாத காரியமென்று அதிகாரிகள் சொல்வார்களானால், இராமநாதபுரம் ஜில்லாவில் தொண்டிக்கு அருகே காரங்காடு என்னும் மீனவக் கிராமத்தைப் பார்த்துவரட்டும். அலையாத்திக் காட்டினூடே வருவோரைப் படகில் அழைத்துச் செல்பவர் அவ்வூர் மீனவர். வந்தவருக்கு மீன் சமைத்துப் போடுபவர் அவ்வூர்ப் பெண்கள். உடனிருப்பது சர்க்காரின் வனத்துறை. காரங்காட்டுக்கு ஆகும் காரியம் திரேஸ்புரத்துக்கும் மணப்பாட்டுக்கும் ஏன் ஆகாது? தீவில் எவரும் இறங்கவேண்டாம். பாறையை எவரும் தொடவேண்டாம். தூரத்தே படகை நிறுத்தி, ஓங்கிலையும் ஆமையையும் காட்டக் கடலறிந்த கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கட்டும். கட்டணத்தில் பாதி படகுக்கும், மீதி கரையூர் நிதிக்கும் போகட்டும். அந்நிதியிலிருந்து அறுத்த வலைக்கு முழு விலை கொடுக்கட்டும். வல்லநாட்டில் பயறு இழந்தவனுக்கும் இதே முறையில் ஈடு செய்யட்டும். பெரிய கம்பெனிக்காரர் எவரேனும் கண்ணாடிப் படகுகளுடன் குத்தகை கேட்டுவந்தால், கதவை அடைக்கட்டும். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறை இது. யாருடைய கடலில் யாருடைய படகு ஓடுவது என்னும் கேள்வி இவ்வூருக்குப் புதிதன்று.

பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது நம் ராஜ்ய சர்க்கார். இந்தியாவில் அதுவே முதலாவது. அறிவித்தவரை வாழ்த்துகிறோம். அக்கரையின் மீனவர் அக்காப்பகத்தில் பங்காளியா, பிரதிவாதியா என்பதைப் பத்து ஆண்டு கழித்து எழுதுவோம்.

நமது நண்பரின் விஷயத்தைப் பாதியில் விட்டோம். கென்யாப் பிரயாணத்திற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவரை வல்லநாட்டுக்கு அழைத்திருக்கிறோம். குழந்தைகளும் வருகிறார்கள். "போனால் மான் நிச்சயமாகத் தெரியுமா?" என்று அவர் கேட்டார். காவலரிடம் அக்கேள்வியைச் சொல்லி அனுப்பினோம். ஐந்து மணிக்கு வரச்சொல்லுங்கள், செருப்பில் லாடம் இருக்கவேண்டாம் என்பது மட்டுமே அவர் சொல்லியனுப்பிய விடை.